எதோடும் சேராத ரத்தம்

சோதனைக் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கண்ணாடியில் வழுக்கி இறங்கவில்லை. ரவை ரவையாக ஒட்டிக்கொண்டு நின்றது. மத்தியானம் இரண்டு மணி. ரத்த வங்கியின் குளிர்பெட்டி அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது, ஸ்பிரிட் வாடை மூக்கைக் குடைந்தது, பதினாறு வருஷமாக இதே மேஜையில் ரத்தம் பொருத்திப் பார்க்கிறவள் அதை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தாள். குழாயில் ஒட்டியிருந்தது அவள் அக்காவின் பெயர்.

நிணநீர்ப் புற்றுநோய். மருந்து ஏறி, கழுத்துக் கட்டி கரைந்து, முடிகூட முளைத்துவிட்டது. "இனி எமனே வந்தாலும் டோக்கன் வாங்கிட்டு வெளியில உட்காரட்டும்" என்று போன வாரம்தான் அக்கா சிரித்தாள். இப்போது மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள், காகிதமாய் வெளுத்து.

இருப்பிலிருந்த முதல் பை ரத்தம் அக்காவுடையதோடு சேரவில்லை; சேர்ந்தால் ரவை கட்டாது. இரண்டாவதும் இல்லை. ஒன்பதாவது வரைக்கும் அதே ரவை. கடைசியில், அக்காவின் ரத்தத்தை அக்காவின் ரத்தநீரோடே கலந்து பார்த்தாள்.

அதுவும் ஒட்டியது.

டாக்டர் போனில் மெதுவாகத்தான் பேசினார். "அவங்க உடம்பு அவங்க ரத்தத்தையே எதிரியா நினைச்சு அழிக்குதும்மா. இந்தப் புற்றுநோயில சில பேருக்கு இப்படி ஆகும்."

"எதைக் கொடுத்தாலும் உடைச்சிடுமே சார்?"

"கொடுக்கலைன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. இருக்கறதுல கம்மியா ஒட்டறதை அனுப்பு."

அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

மாடி ஏறிப் போனபோது கம்பியில் பை தொங்கியது. சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பார்த்து அனுப்பினதா?" என்றாள் அக்கா.

"ம்."

"அப்ப எனக்கென்ன பயம்."

ஐந்து நிமிஷம் போயிருக்கும். அக்கா நெளிந்தாள். "இடுப்புல யாரோ கத்தி வெச்சுத் திருகற மாதிரி இருக்குடி."

போர்வை விலகியது. கட்டிலுக்கடியில் சிறுநீர்ப் பை. அதில் மஞ்சள் இல்லை.

கறுப்பு. உடைந்த ரத்தம்.

"சிஸ்டர்!" பாய்ந்து ரத்தம் இறங்கும் டியூபின் திருகை இறுக்கினாள். நர்ஸ் ஓடிவந்தாள். மேலே சொட்டு நின்றது. அக்காவின் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

கீழே நிற்கவில்லை. ஒரு சொட்டு. இன்னொன்று. கறுப்பாக. நிதானமாக. பை நிறைந்துகொண்டே இருந்தது.