வகுப்பை ரத்து செய்ய வேண்டாம்

கதவைத் திறந்ததும் முதலில் மழைச்சாரல்தான் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் அவன் வந்தான்.

சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முடியிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்... கையிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலை மட்டும் நனையாமல் நெஞ்சோடு அணைத்திருந்தான். வகுப்பை ஒருமுறை பார்த்தான். கரும்பலகை முன் நின்ற தமிழ்மதியைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, சத்தமில்லாமல் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

'மூணாவது வருஷம் வந்தும் நேரத்துக்கு வரத் தெரியலை...' என்று நினைத்துக்கொண்டாள் தமிழ்மதி.

அந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவள் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை. நேர்முகத்துக்கு வரும் பிள்ளைகள் பெயரைக்கூட முழுதாய்ச் சொல்ல முடியாமல் தலை குனிந்து திரும்பிப் போவதைத் தினமும் பார்த்தவள். கல்லூரிக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிரின்சிபாலிடம் ஒரு யோசனை சொன்னாள். எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அந்த வகுப்பை ரத்து செய்ய வேண்டாம். ஒரு விண்ணப்பத்தாள் நிரப்பி அனுப்பினால் போதும், அந்த ஒரு மணி நேரம் தமிழ்மதி போய் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பாள்.

அன்றைக்கு நிட்டிங் லேப், பனியன் துணி பின்னுகிற வகுப்பு. வழக்கமாக எடுக்கும் சித்ரகலா மேடம் பிரசவ விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாகச் சேர்ந்து பத்தே நாளான ஒரு புது சார்... அவரும் அன்று லீவு. அதனால்தான் அவள் வந்திருந்தாள்.

"கடைசி பெஞ்ச் தம்பி... நீங்க வாங்க."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். வகுப்பில் ஒரு சலசலப்பு. யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னையுங்களா?"

"உங்களைத்தான். லேட்டா வந்தவங்களுக்குத்தான் மொதல் வாய்ப்பு. வாங்க, இப்புடி உக்காருங்க."

வந்து எதிரே உட்கார்ந்தான். நாற்காலியைச் சுற்றித் தரையில் சின்னதாய் ஒரு குளம் கட்டியது.

"சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்... ஒரு வார்த்தையும் வரவில்லை. பயந்துபோன கண்கள். அகலமான, ஈர இமைகளுக்குள் தத்தளிக்கிற கண்கள்...

தமிழ்மதிக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தணித்தாள்.

"பரவால்லீங்க. அதை விட்டுருங்க. உங்களுக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணைச் சொல்லுங்க. எதுவானாலும்."

அவன் ஜன்னல் பக்கம் இருந்த நிட்டிங் மெஷினைப் பார்த்தான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"நூலுங்க... தறியில நெசவுன்னா பாவும் ஊடையும் வேணும். ரெண்டு நூலு ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகும். பனியன் துணி அப்புடி இல்லீங்க. ஒரே நூலுதான். அது தன்னையே வளைச்சு, அந்த வளையத்துக்குள்ள தானே நொழைஞ்சு போகும். அதனாலதான் இழுத்தா நீளுது, விட்டா பழையபடி வருது. போடற ஆளோட உடம்புக்கு வளைஞ்சு குடுக்குது..."

ஐந்து நிமிடம் பேசினான். கை காற்றில் வளையம் போட்டது. திக்கல் இல்லை, தயக்கம் இல்லை. வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது. தமிழ்மதி அடுத்த கேள்வியை மறந்து நின்றாள்.

"நல்லாப் பேசறீங்களே... உங்க பேரு என்னங்க தம்பி?"

"இளங்குமரனுங்க."

முதல் பெஞ்சிலிருந்த நிதிஷ் இதற்கு மேல் அடக்க முடியாமல் எழுந்தான். "மேடம்... அவரு எங்க சாருங்க."

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

தமிழ்மதியின் முகம் காது வரைக்கும் சிவந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு இது போதுங்க" என்று வெளியே நடந்தாள். மழை அவள் மேலும் பெய்தது.

படிக்கட்டில் அவன் ஓடிவந்து பிடித்தான்.

"ஏனுங்க, ஒரு நிமிஷம்... நான் வேணும்னு பண்ணலீங்க. போன வேலை சீக்கிரம் முடிஞ்சுருச்சு, கிளாஸை நாமளே எடுத்துக்கலாம்னு வந்தேன். நீங்க நல்லா நடத்திட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு உக்காந்தேன்."

"சாருன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க கூப்புட்டதும்... வராம இருக்க முடியலீங்க."

அவள் முறைத்தாள். அவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.

"காலைல ஒரு கம்பெனியில நெசமாவே இண்டர்வியூ. இதே கேள்விதானுங்க. ஒரு வார்த்தை வரல. அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. ஜனவரியில சித்ரகலா மேடம் வந்துட்டா எனக்கு இங்க வேலை இல்லை. அதுக்குள்ள... எனக்கும் நீங்க சொல்லித் தர முடியுங்களா?"

"நான் ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்தாங்க சொல்லித் தர்றது."

"தம்பின்னு கூப்புட்டீங்களே..."

சிரிப்பு வந்துவிட்டது. அவன் பார்ப்பதற்குள் திரும்பி நடந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அலுவலக வாசலில் அவன் நின்றான். மாணவர்கள் பதிவுசெய்யும் படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கையில் வைத்திருந்தான். வயது இருபத்தொன்பது. வருடம் என்ற இடத்தில் 'பாஸாகி ஏழு வருஷம்' என்று எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு எல்லா வியாழனும்...

அவள் கேட்பாள், அவன் தடுமாறுவான். அவள் எடுத்துக்கொடுப்பாள், அவன் பிடித்துக்கொள்வான். ஐப்பசி மழை ஜன்னலில் அடித்துக்கொண்டேயிருக்கும். அலுவலக உதவியாளர் வேலாத்தாள் தையல் பிரிந்த ஃபைல்களை ஒட்டுகிற சாக்கில் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார். அவன் கையில் எப்போதும் கேன்டீன் டீ இரண்டு இருக்கும். அவளுக்குச் சர்க்கரை கம்மி என்று இரண்டாவது வாரமே தெரிந்துகொண்டிருந்தான்.

"உங்க பலம் என்னங்க?"

"பொறுமையா இருப்பனுங்க."

"உதாரணம்?"

"நாலு வாரமா உங்ககிட்டத் திட்டு வாங்கறனுங்களே..."

"இதை அங்க சொன்னீங்கன்னா வேலை கெடைக்காது."

"இங்க சொன்னா என்ன கெடைக்குமுங்க?"

அவள் குனிந்து எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இவன் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டான். பேசினால் வேலை கிடைக்கும். கிடைத்தால் போய்விடுவான். தானே உட்கார்ந்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம், அவனை அனுப்பிவைக்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்... அந்த நினைப்பு வந்த ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகை பிறந்த வாரம், வேலாத்தாள் ஃபைலை மூடிவைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"ஏங் கண்ணு, அந்த சாரு வாராவாரம் பாடம் படிக்கத்தான் வர்றாரா?"

"வேற எதுக்குங்க்கா?"

"நீ வியாழக்கெழமையானா தலைக்குப் பூ வெக்கிறியே, அதான் கேட்டேன்."

பிடிபட்ட வெட்கம் கோபமாகத் திரும்பியது. மூன்று வருடம் முன்னால் நிச்சயம் வரைக்கும் வந்து, பையன் வெளிநாடு போய் மனசு மாறி நின்றுபோன கல்யாணம் ஒன்று அவளுக்கு இருந்தது. சொந்த ஊரான வெள்ளகோவில் முழுக்க அதைப் பேசி முடித்திருந்தது. இன்னொரு தடவை ஒருத்தர் வாயில் விழ அவள் தயாராக இல்லை.

"ஜனவரியில போற ஆளுங்க்கா அவரு. எனக்கென்ன வந்துச்சு? வேற வேலை இல்லாம வந்து உக்காந்துக்கறாரு, நானும் பாவம்னு சொல்லித் தர்றேன். அவ்வளவுதான்."

வேலாத்தாளின் பார்வை வாசலில் இருந்தது.

இளங்குமரன் இரண்டு டீயோடு நின்றிருந்தான்.

உள்ளே வந்தான். ஒரு டம்ளரை அவள் மேஜையில் வைத்தான். இன்னொன்றை வேலாத்தாள் பக்கம் வைத்தான்.

"ஆறிப்போயிரும், குடிச்சுருங்க" என்றான். போய்விட்டான்.

அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும். வராந்தாவில் எதிரே வந்தால், "வணக்கமுங்க மேடம்" என்று ஒதுங்கி வழிவிட்டான். அந்த மரியாதை அவளைக் குத்தியது. மன்னிப்புக் கேட்க ஆயிரம் வாக்கியம் தெரியும் அவளுக்கு. பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் எழுதக்கூடச் சொல்லித் தருவாள். அவனைப் பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது...

அப்புறம் ஒரு காலை அந்தத் தாள் வந்தது. நிட்டிங் லேப், மூன்றாம் வருடம். ஆசிரியர் விடுப்பு. காரணம், நேர்முகத் தேர்வு. 'வகுப்பை ரத்து செய்ய வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக். கீழே அவன் கையெழுத்து.

போனாள். முப்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். மழைநாளில் இந்த வகுப்பு நிறைந்து அவள் பார்த்ததில்லை.

"என்ன, இன்னைக்கு ஒருத்தர்கூட லீவு இல்லையா?"

நிதிஷ் எழுந்தான். "சார் நேத்தே சொல்லிட்டுப் போனாருங்க மேடம். 'நான் இல்லாத நாளுன்னு யாரும் லீவு போட்றாதீங்க. என்னோட கிளாஸ் போனா புக்குல படிச்சுக்கலாம். மேடம் கிளாஸ் போனா எங்கயும் கெடைக்காது. வாய் தொறக்காத என்னையே பேச வெச்சவங்க' அப்படீன்னாரு."

தமிழ்மதி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாக்பீஸ் எடுத்தாள். எழுத ஒன்றும் தோன்றாமல், தேதியை மட்டும் மெதுவாக, ரொம்ப மெதுவாக எழுதினாள்.

வகுப்பு முடிந்ததும் வண்டிச் சாவியைத் தேடினாள். வேலாத்தாள் எடுத்து நீட்டினார்.

"பூண்டியில அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ். பன்னெண்டு மணிக்கு இண்டர்வியூன்னு சாரு சொன்னாரு. வேலை ஒடிசாவுல, அவங்க புது ஃபேக்டரியில."

"மத்தியானம் பி.காம். பசங்களுக்கு கிளாஸ் இருக்குதுங்க்கா..."

"நான் எடுக்கறேன் போ. இருவத்திரெண்டு வருசமா வேலை கெடைச்சவன் மொகத்தையும் கெடைக்காதவன் மொகத்தையும் பாத்துட்டுத்தான உக்காந்திருக்கேன். எனக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காதா?"

திருமுருகன்பூண்டிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வழியெல்லாம் மழை. கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் பக்கத்தில் சிற்பிகளின் தகரக் கொட்டகை. அதற்குள்ளிருந்து உளிச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. பேக்கரி வாசலில் ஃபைலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவன் பஸ்ஸுக்கு நின்றிருந்தான்.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியவளைப் பார்த்து அவன் ஒரு கணம் நம்பவில்லை.

"மேடம்... நீங்க எங்க இங்க?"

"முடிஞ்சுருச்சுங்களா?"

"முடிஞ்சுதுங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். வேலை குடுத்துட்டாங்க. மூணு வருஷம்... புவனேஸ்வரம் பக்கம்."

"சந்தோஷமுங்க" என்றாள். ஹெல்மெட் பட்டையைத் திருகினாள்.

"ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியலீங்க." அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "'இந்த ஊர்ல உங்களைப் புடிச்சு நிறுத்தற மாதிரி ஏதாவது இருக்குதா?'ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாது, ஒருத்தர்கிட்டக் கேட்டுத்தான் சொல்லோணும்னேன். சிரிச்சுட்டு, திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்கன்னுட்டாங்க."

மழை இன்னும் கனத்தது. அவள் நனைந்தபடியே நின்றாள். அவன் ஒரு அடி நகர்ந்து கூரைக்குக் கீழே அவளுக்கு இடம் கொடுத்தான்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யுங்க" என்றாள். "ஒரு தடவை ஏமாந்தவ. மறுக்கா ஊரு சிரிக்கக் கூடாதுன்னு... உங்களைச் சின்னதாக்கிப் பேசிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வியாழக்கெழமையும் நாலு மணிக்கு நான் யாருக்கும் டைம் குடுக்கலீங்க. சும்மா உக்காந்திருந்தேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களில் பயம் இல்லை இப்போது... வேறு என்னவோ மெல்ல நிறைந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் போக வேண்டாமுங்களா?"

"போகோணும்." உடனே சொன்னாள். "எனக்காக விட்டீங்கன்னா, ஜனவரியில வேலை இல்லாம நிக்கறப்ப என்னைப் பாத்தா உங்களுக்கே கசக்கும். போங்க. ஆனா... தனியாப் போக வேண்டாம்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"அந்த ஃபேக்டரியில ஆயிரம் பேரு வேலைக்கு வருவாங்கல்ல. அவங்களை எடுக்க எச்.ஆர். ஆளு வேண்டாமுங்களா? நானும் விண்ணப்பம் போடறேன். கெடைக்கலைன்னாலும் வருவேன். அங்கயும் காலேஜ் இருக்கும்."

"உங்க ஊட்ல விடுவாங்களா?"

"கட்டிக் குடுத்தா விடுவாங்க."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் இங்கே பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "திருப்பூர், திருப்பூர்" என்றார். இளங்குமரன் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

"ஞாயித்துக்கெழமை வரட்டுங்களா?" என்றான். "உங்கப்பா ஊட்ல இருப்பாருங்களா?"

"இருப்பாரு. மில்லு லீவு."

"அவருகிட்ட எப்புடிங்க ஆரம்பிக்கறது? சொல்லிக் குடுங்க..."

"அதை நான் சொல்லித் தர மாட்டேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. ஃபைலைப் பேக்கரி மேஜையில் வைத்துவிட்டு அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவள் வாங்கினாள். வாங்கிய விரல்களை அவன் பிடித்துக்கொண்டான்.

"தமிழ்மதி..."

மேடம் இல்லாத அவள் பெயர். அவன் வாயிலிருந்து முதல் தடவை.

"நான் உங்களை விரும்பறேங்க" என்றான். ஒரு திக்கல் இல்லை. "ரொம்ப நாளாவே."

உளிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவள் தலை குனிந்து, அவன் கைக்குள் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"நானுந்தாங்க" என்றாள்.