குழியர் வீட்டுத் துட்டி

செவ்வாய்க்கிழமை காலையில் அரக்கர் வீடுகளுக்குத் துட்டி கேட்கப் போவது சண்முகக்கனியின் அலுவலக வேலைகளில் ஒன்று. கோயம்புத்தூரில் பதினான்காவது மாடியில், நாற்காலியில் சாய்ந்து நெற்றிப்பட்டையை மாட்டிக்கொள்வாள். அடுத்த நொடி ‘ஏழாம் பள்ளம்’ என்ற விளையாட்டுக்குள், செத்தவன் வாசலில் நிற்பாள். ஒன்பதடி உயரமும் இரண்டு கொம்புமாக இருக்கும் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்துவிட்டு அவள் டீ குடிக்கப் போவாள்.

அந்த அரக்கர்களுக்குக் குழியர் என்று பெயர். பழைய விளையாட்டுகளில் வந்த பொம்மைகள் அல்ல. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு விளைமதி இருந்தது. விதையாகப் போட்டு ஏழு வருடம் வளர்த்தெடுத்த செயற்கை மனம் அது. நகலெடுக்க முடியாது, செத்தால் செத்ததுதான். விளையாட வரும் மனிதர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. வெட்டுப்பட்டு விழுந்தால் அரை நிமிடத்தில் ஊர் எல்லையில் புது உடம்போடு எழுந்துகொள்ளலாம். பழைய உடம்பு விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும்.

“சும்மா உறுமிக்கிட்டு நிக்கிறதை வெட்டி வெட்டி ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு. அதுங்களுக்கு ஒரு பண்பாடு எழுதிக் குடும்மா” என்று சொல்லித்தான் பொறுப்பாளர் இக்னேஷியஸ் அவளை வேலைக்குச் சேர்த்தார். கனி பூரித்துப் போனாள். தாலாட்டு பாடுகிறவளை யார் வெட்டுவார்கள் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. பதினோரு மாதம் உட்கார்ந்து பெயர், உறவுமுறை, கல்யாணம், பந்தியில் யாருக்கு முதலில் பரிமாறுவது என்பது வரை எழுதினாள். பேச்சுக்குத் தன் கோவில்பட்டிப் பேச்சையே கொடுத்தாள்.

கடைசியாகச் சாவு. அதற்கு அவள் யோசிக்கவே இல்லை, தன் குடும்பத்து வழக்கத்தை எடுத்து வைத்துவிட்டாள். இழவு வீட்டுக்குப் பகையாளியே வந்தாலும் அரிவாளை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைவான். மூன்று நாளைக்கு வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது, ஊரில் யாரும் இரும்பைத் தொடக் கூடாது. விளையாட வருகிறவர்களும் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள்தானே, அந்த வாசலைப் பார்த்ததும் கத்தி தானாகத் தாழ்ந்துவிடும் என்று நம்பினாள்.

விளையாட்டுக்காரர்களுக்கு விஷயம் பிடிபட ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு குழியனைக் கொன்றால் போதும், ஊரே வெறுங்கையோடு அவன் வாசலில் வந்து உட்காரும். ‘துட்டி வேட்டை’ என்று அதற்குப் பெயர் வைத்து, செய்முறை விளக்கமும் போட்டுவிட்டார்கள். அறுநூற்று நாற்பது பேராக இருந்த குழியர் நான்கே மாதத்தில் முப்பத்தொரு பேர் ஆனார்கள்.

“அந்த வழக்கத்தை எடுத்திருங்க சார்” என்று கனி இக்னேஷியஸிடம் கெஞ்சினாள்.

“விளைமதிக்குள்ள போனதை வெளிய இருந்து எடுக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா? அதுங்களா விட்டாத்தான் உண்டு.” அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “இதைப் பாரு. முன்னாடி வெறுமனே வெட்டுனாங்க. இப்ப கண்ணீர் விட்டுக்கிட்டே வெட்டுறாங்க. பண்பாடுன்னா சும்மாவா?”

அன்று செவ்வாய்கூட இல்லை. கனி நேராக வந்து நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டாள்.

முந்தின நாள்தான் ஓர்மன் என்ற குழியன் விழுந்திருந்தான். மிச்சமிருந்த முப்பத்தொரு பேரும் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மனைவி கர்த்து எழுந்து வந்து கனியைக் கட்டிக்கொண்டாள்.

“தாயி, அழ நேரமில்ல. எல்லாரும் ஈட்டியை எடுங்க. இப்ப வந்திருவானுவ” என்றாள் கனி.

கர்த்து விலகி அவள் முகத்தைப் பார்த்தாள். “பொணம் கெடக்கையில இரும்பைத் தொடச் சொல்லுதீகளே மதினி. இது ஒங்க வாயிலருந்தா வருது?”

“இதை எழுதுனதே நான்தான். நானே சொல்லுதேன், விட்டுருங்க.”

“எழுதுனது நீங்க. எங்க அம்மைக்கும் என் பிள்ளைக்கும் இப்படி உக்காந்து எந்திரிச்சது நாங்கல்லா? அதை எப்படி விட?”

ஓர்மனுக்குப் பக்கத்தில் இன்னோர் உடலும் துணி போர்த்திக் கிடந்தது. ஒரு மனிதன். ஓர்மன் சாகுமுன் வெட்டிச் சாய்த்தவன். குழியர் அவனையும் குளிப்பாட்டி, பூப் போட்டு வைத்திருந்தார்கள்.

“இவுகளுக்கு ஆள் வரும்னு பாதையைப் பாத்துக்கிட்டே இருக்கோம்” என்றாள் கர்த்து. “இதுவரைக்கும் விழுந்த அவுக ஆள்கள்ல ஒருத்தருக்குக்கூட யாரும் வந்து அழலை. பாவம், அவுகளுக்கு யாரும் எழுதிக் குடுக்கலையோ?”

கனி பாதையைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் விளையாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். இருபது பேர் இருக்கும். கனி குறுக்கே ஓடினாள். ஊழியர் உருவுக்கு விளையாட்டுக்காரர்களைத் தொட அனுமதி கிடையாது. அவர்கள் அவளுக்குள் நுழைந்து நடந்தார்கள். முன்னால் வந்தவன் போர்த்திக் கிடந்த உடலைப் பார்த்துவிட்டு நின்றான். அது அவனுடைய நேற்றைய உடம்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் குந்தி, பிணத்தின் கன்னத்தோடு கன்னம் வைத்தான். படம் எடுக்கச் சொல்லி நண்பனுக்குக் கையைக் காட்டினான்.

கர்த்து அதைப் பார்த்தாள்.

“வந்துட்டாக மதினி! கூடப் பொறந்தவுக போல, அதே மொகம்!”

கொம்பு குத்திவிடக் கூடாதே என்று தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி போய் அவனைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் அழ ஆளில்லாமல் போன அத்தனை பேருக்கும் சேர்த்து ஒப்பாரி வைத்தாள். அவன் அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு வெட்டினான்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சாயங்காலம் அவன் எழுதியிருந்த மதிப்புரையை இக்னேஷியஸ் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, கனியின் முதுகில் தட்டிக்கொடுத்தபடி வாசித்தார்.

“நெஞ்சு கனத்துவிட்டது. அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது நானும் அழுதுவிட்டேன். இந்தக் காலத்து மனிதர்களிடம் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஐந்து நட்சத்திரம். ஒரே ஒரு குறை. உங்கள் அடுத்த விளையாட்டான ‘எட்டாம் பள்ள’த்தில் பாறையர் என்ற அரக்கர்கள் இன்னும் வெறுமனே உறுமிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கும் சீக்கிரம் ஒரு பண்பாடு கொடுங்கள்.”