ஐந்தாவது பூட்டு

இருபது வருஷம் அச்சு இயந்திரம் ஓட்டியவர், நாற்பத்தாறு வயதில் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பயிற்சிக்கூடத்து வாசலில் நின்றார். அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். இங்கே பத்தே நாளில் லிஃப்ட் பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறார்களாம். கடைசி நாள் தேர்வில் தேறினால் கையோடு வேலை. தேறாவிட்டால் மச்சான் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

கூடப் படித்த மூன்று பேரும் இளவட்டங்கள். முதல் நாளே அவருக்கு 'அச்சாபீஸ்' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள்.

மாஸ்டர் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டும் ஒற்றைச் சாவியும் கொடுத்தார்.

"லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி, அதுல உங்க பூட்டப் போடுங்க. வெளிய வந்ததும் அவங்கவங்க பூட்ட அவங்கவங்கதான் எடுக்கணும். பூட்டு தொங்குதுன்னா ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம். அடுத்தவங்க பூட்டுல கை வச்சீங்கன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

மூன்றாம் நாள் மதியம். நால்வரும் குழியிலிருந்து ஏறி வந்தார்கள். பூட்டைக் கழற்றப் போன அச்சாபீஸ் அப்படியே நின்றார்.

சுவிட்சில் ஐந்து பூட்டுகள் தொங்கின.

ஐந்தாவதில் சாயம் போய்த் துரு ஏறியிருந்தது. திறந்து கிடந்த குழியிலிருந்து ஈர இரும்பு வாடை வந்தது. கீழே யாரோ நட்டை முறுக்குகிற சத்தம். கொஞ்சம் முறுக்கல், கொஞ்சம் நிறுத்தல், மறுபடி முறுக்கல். அவசரமே இல்லாத கை.

மாஸ்டர் வந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"இன்னைக்குப் போதும். எல்லாரும் கிளம்புங்க. சுவிட்ச யாரும் தொடாதீங்க."

மறுநாள் காலையில் அந்தப் பூட்டு இல்லை. கேட்டதற்கு மாஸ்டர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

பத்தாம் நாள் தேர்வு. ஒவ்வொருவராகத் தனியே இறங்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் பழுதை நீக்கி, லிஃப்டை மேல்மாடிக்கு அனுப்ப வேண்டும். தேர்வாளர்கள் அங்கே காத்திருந்தார்கள். அச்சாபீஸ் வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டு ஏறி வந்தார்.

இரண்டு பூட்டுகள்.

டார்ச் அடித்துக் குழியைப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"இன்னும் மூணு நிமிஷம்தான்," மாடிப்படியிலிருந்து மாஸ்டரின் குரல்.

மச்சான் கடையும் பொட்டலக் காகிதமும் கண்முன் வந்து நின்றன. தன் பூட்டைக் கழற்றினார். பிறகு, ஏன் செய்தோம் என்று கடைசிவரை அவருக்கு விளங்காத ஒரு காரியத்தைச் செய்தார். தன் சாவியைத் துருப்பிடித்த பூட்டிலும் நுழைத்துத் திருப்பினார்.

திறந்துகொண்டது.

சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் அசைந்தது. குழிக்குள்ளிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்.

"இருங்க... இன்னும் முடியல."

அதன்பிறகு சத்தமே இல்லை. லிஃப்ட் மேலே போய்ச் சேர்ந்தது.

மாஸ்டர் இறங்கி வந்து சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற பூட்டு ஏதாவது இருந்துச்சா?"

"இல்லையே மாஸ்டர்."

பழைய பூட்டு அவருடைய கால்சட்டைப் பைக்குள் சில்லென்று கிடந்தது. மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றிரவு பையைத் துழாவியபோது பூட்டு இல்லை, விரலில் துரு மட்டும் ஒட்டியது. வேலை கிடைத்ததைக் கேட்டு மனைவி சந்தோஷத்தில் அழுதாள்.

அடுத்த வாரம், ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் முதல் வேலை. பகல் பதினோரு மணி. மெயினை நிறுத்தித் தன் பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகே குழிக்குள் இறங்கினார். கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த ஈர இரும்பு வாடை மூக்கில் ஏறியது.

மேலே ஒரு பூட்டு திறக்கிற சத்தம்.

பையைத் தடவினார். அவருடைய ஒற்றைச் சாவி பத்திரமாக அங்கேயே இருந்தது.

"யாருங்க மேல?"

மெயின் சுவிட்சை யாரோ போடுகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேலே லிஃப்ட் உறுமிக்கொண்டு கீழே நகர ஆரம்பித்தது. அவர் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"இருங்க... இன்னும் முடியல."

அந்தக் குரலை அவர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தார்.