இறக்காத கம்பி

கிட்டார் அக்காவுடையது. அவளுடைய பதினொன்றாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. ஆனால் அது கேட்டதென்னவோ தங்கையின் விரல்கள் சொன்னதைத்தான்.

தங்கைக்கு எட்டு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டெலி. அக்கா கிட்டார் வகுப்புக்குப் போகும்போது சும்மா கூடப் போய் உட்கார்ந்தவள்தான். ஒருநாள் மாஸ்டர், ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய இசையின் சுர வரிசையை வாசித்துக் காட்டினார். அக்காவின் விரல்கள் தட்டுத் தடுமாறின. சுண்டெலியின் விரல்களோ மதில்மேல் அணில்போல ஏறி இறங்கின.

"அடடே! யாரு இந்தப் பொண்ணு?" என்றார் மாஸ்டர்.

"என் தங்கச்சி," என்றாள் அக்கா. அந்த இரண்டு சொற்களும் மாத்திரைபோலத் தொண்டையில் ஒட்டிக்கொண்டன.

அந்த வரிசைக்கு, எல்லாவற்றிலும் தடித்த கம்பியின் சுருதியைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அப்போதுதான் அது அடியில் வண்டுபோல ரீங்கரிக்க, மேலே சுரங்கள் ஓடும். சுண்டெலிக்கு இறக்கத் தெரியாது. தினமும் அக்காதான் இறக்கிக் கொடுப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பள்ளி விழாவில் தனியாக வாசிக்க ஒருவரை மாஸ்டர் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அக்கா முதலில் வாசித்தாள். அவள் வாசித்த பாட்டுக்குக் கம்பியை இறக்க வேண்டியதில்லை. ஒரு தப்பும் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து சுண்டெலி கிட்டாருக்குக் கை நீட்டினாள்.

கம்பியை இறக்க வேண்டும் என்று அக்காவுக்கு நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது. 'அவளாகக் கேட்டால் பார்க்கலாம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சுண்டெலி கேட்கவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் மீட்டலிலேயே கம்பி முரண்டு பிடித்தது. மறுபடி மீட்டினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அக்கா... கிட்டாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல."

அவள் கண்கள் குளம் கட்டியிருந்தன. ஆனால் அக்கா மேல் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. அதுதான் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா எழுந்து போனாள். "கிட்டாருக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் இறக்காம குடுத்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"இல்ல."

சுண்டெலி புரியாமல் மூக்கை உறிஞ்சினாள். அக்கா தடித்த கம்பியையும் நான்காவது கம்பியையும் சேர்த்து மீட்டியபடி குமிழை மெல்லத் திருகினாள். இரண்டு ஒலிகளும் சண்டை போட்டன, முனகின, பிறகு ஒன்றாகக் கலந்தன.

"இப்ப வாசி."

அணில் ஓடியது. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மாஸ்டர் சுண்டெலியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்காவின் நெஞ்சுக்குள் இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மூச்சு முட்டவில்லை.

சுண்டெலியோ உர்ரென்று வந்தாள்.

"உனக்கென்னடி வந்துச்சு? நீதானே ஜெயிச்ச?" என்றாள் அம்மா.

"அக்கா வெறும் காதாலயே கேட்டுக் கம்பியைச் சரி பண்றா. நான் எவ்ளோ திருகினாலும் வர மாட்டேங்குது. நல்ல காதை எல்லாம் அவளுக்கே குடுத்துட்டீங்க!"

"காதை நான் எங்கடி போய் வாங்குறது?"

அக்கா நின்றுவிட்டாள். அந்தச் சுளித்த உதட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"ஏய் சுண்டெலி, என்மேல பொறாமையா?"

"ஆமா!"

"ரொம்பவா?"

"ரொம்ப, ரொம்ப!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் ஆசையாக.