நாகேந்திரன் பெயரில் நுழைந்தவள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, டீக்கடைப் புகையைத் தாண்டி, மோகனப்பிரியா வழக்கம்போலத்தான் அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு மெயின்பிரேம். அந்த ஒரே கணினிக்குள் பல நிறுவனங்களின் மெய்நிகர் கணினிகள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவை ஒவ்வொன்றின் கதவையும் திறக்க நாகேந்திரன் ஒரு டெர்மினல் சர்வர் அமைத்துக்கொண்டிருந்தார். பாதியில் மாரடைப்பில் போய்விட்டார். மீதி வேலை அவளுக்கு வந்தது.

"புது ஐடி கேட்டா மாசக்கணக்குல சுத்த வுடுவானுங்க. அண்ணன் ஐடிலயே பூந்துடும்மா," என்றிருந்தார் மேலாளர் உதயகுமார்.

நுழைந்தாள். போன வாரம் தவறான கதவைத் திறந்து, ஒரு மருத்துவமனையின் மெய்நிகர் கணினியை அடியோடு அழித்துவிட்டாள். பதிவில் இருந்தது செத்தவர் பெயர். அழிக்கும் கட்டளையை அவர் உயிரோடிருக்கும்போதே நேரம் குறித்துத் தப்பாக எழுதிவைத்துவிட்டார் என்று உதயகுமார் மேலிடத்துக்குச் சொல்லி முடித்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்று நாகேந்திரனின் மனைவி ஜெகதாம்பாள் வந்திருந்தாள், அவருடைய ஸ்வெட்டரையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக.

"ஏன் கண்ணு, எங்க ஊட்டுக்காரரு பெரிய தப்பு பண்ணிட்டாராமே? மெய்யா?"

மோகனப்பிரியாவுக்குக் காதுமடல் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு சர்வர் அறைக்குள் போனாள்.

குளிர். மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல். நடுவே நீலகிரித் தைல வாசனை. இந்தக் குளிர் தாங்காமல் நாகேந்திரன் தடவிக்கொள்வாரே, அது.

திரை பெயர் கேட்டது. பழக்கத்தில் அவர் பெயரை அடித்தாள்.

கடைசி எழுத்து அழிந்தது.

அதற்கு முந்தையது.

அதற்கும் முந்தையது.

அவள் கைகள் மடியில் இருந்தன.

மறுபடி அடித்தாள். மறுபடி அழிந்தது. தைல வாசனை தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெயரை அடித்தாள்.

திறந்தது. போன வாரப் பதிவு தானாக வந்து நின்றது. அழித்தவர்: மோகனப்பிரியா.

வெளியே ஓடிவந்தாள். "அக்கா, அவரு இல்லக்கா. நான்தான்."

ஜெகதாம்பாள் ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

சத்தம் கேட்டு உதயகுமார் வந்துவிட்டார்.

"இன்னாமா உளர்ற? உனக்கு ஐடியே இன்னும் வரலியே!" உதயகுமார் சிரித்தபடி உள்ளே போய் உட்கார்ந்தார். "அண்ணன் பேர்ல நான் பூந்து காட்றேன் பாரு."

அடித்தார். சிரிப்பு நின்றது. கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

பேக்ஸ்பேஸ் விசை மட்டும் தானாக அமுங்கி, எழுந்து, அமுங்கி, எழுந்தது.