வாய் மூடிய பிறகும் பாடிய பாட்டு

வகுப்பில் எல்லாரும் அவளை லிஸ்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றுலா என்றால் ஒரு லிஸ்ட், பரீட்சை என்றால் ஒரு லிஸ்ட். பென்சில் சீவுவதற்குக்கூட லிஸ்ட் போடுவாள் என்று அவளுடைய அண்ணன் கேலி செய்வான். அது கொஞ்சம் மிகை. பென்சில் சீவுவதற்கு அவள் லிஸ்ட் போட்டது ஒரே ஒரு தடவைதான்.

பெற்றோர்கள் பள்ளிக்கு வரும் நாளில் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று நிமிடம் உண்டு. ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவில் லிஸ்ட்டு கையைத் தூக்கி, "நாங்க ஒரு பாட்டு வீடியோ எடுக்கிறோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு என் கையில இருக்கணும். இல்லேன்னா அந்த மூணு நிமிஷம் 'பி' பிரிவுக்குத்தான்" என்றார் பாட்டு டீச்சர்.

'பி' பிரிவுக்காரர்கள் ஒரு நாடகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, எப்போது இடம் காலியாகும் என்று காத்திருந்தார்கள்.

பாட்டை எழுதிப் பாடியவள் மைக்கு. அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர். காலையில் ஒரு தெரு எப்படிக் கண் விழிக்கிறது என்பதுதான் பாட்டு. "கதவு திறக்குது, தெரு சிரிக்குது, சக்கரம் சுத்துது, சந்து முழிக்குது" என்று போகும். திங்கட்கிழமை பாட்டு அறையில் டீச்சர் கீபோர்டு வாசிக்க, அதை அழகாகப் பதிவு செய்தாயிற்று.

செவ்வாயும் புதனும் படப்பிடிப்பு. கேமரா பிடித்தவன் ஸ்டாண்டு. அது அவனுடைய மாமாவின் ஃபோன். அவன் கையில் ஃபோனைக் கொடுத்தால் மேஜைமேல் வைத்த மாதிரி ஆடாமல் இருக்கும். ஸ்டாண்டு அதிகம் பேசமாட்டான். சொன்னதைச் சொன்னபடி செய்வான். இதுவரை யாரும் அவனிடம் பெரிதாக எதையும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். இந்தப் படம்தான் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

படம் எடுத்த இரண்டு நாளும் லிஸ்ட்டு பள்ளி மாடிப்படியின் அடியில் நின்று, வருகிறவர் போகிறவரை எல்லாம் தடுத்துக்கொண்டிருந்தாள். மேலே மைக்கு பாட, ஸ்டாண்டு படம் பிடித்தான்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு லிஸ்ட்டின் வீட்டில், அண்ணனுடைய கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். எடிட்டிங் லிஸ்ட்டின் வேலை. மைக்கின் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அன்று காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். நாளைக் காலை வரை வாயைத் திறக்கக்கூடாது என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். பேச வேண்டியதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். அவள் எழுத்துகூடச் சத்தமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பதிவு செய்த பாட்டைப் படத்தோடு சேர்த்து லிஸ்ட்டு ஓடவிட்டாள்.

முதல் வரி சரியாக இருந்தது. இரண்டாம் வரியில் ஏதோ இடித்தது. நாலாம் வரியில் திரையில் இருந்த மைக்கு வாயை மூடிக்கொண்டு மூக்கைச் சொறிந்தாள். பாட்டு மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டப்பிங் படமா இது? எந்த நாட்டுப் படம்?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

லிஸ்ட்டு படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். நாலாம் வரி சரியானது, முதல் வரி கெட்டது. படத்தின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். மைக்கு தண்ணீருக்குள் நடப்பவள் மாதிரி படியிறங்கினாள். அவளுடைய சடை மெதுவாக மேலே போய், யோசித்து, மெதுவாகக் கீழே வந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டான்.

பிறகு லிஸ்ட்டு ஃபோனில் பதிவான சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்டாள். மைக்கின் குரல் இருந்தது. ஒரு காக்காய் கத்தியது. யாரோ தும்மினார்கள். பாட்டு அறையில் பதிவு செய்த பாட்டு மட்டும் பின்னால் எங்குமே கேட்கவில்லை.

"படம் எடுக்கும்போது பாட்டை ஓடவிடலையா?"

ஸ்டாண்டின் காது சிவந்தது. "முதல்ல போட்டேன். அப்புறம் நிறுத்திட்டேன்."

"அதைக் கேட்டுக்கிட்டே பாடினாத்தானே வாய் பொருந்தும்! இப்ப இவ பதற்றத்துல வேகவேகமா பாடிட்டுப் போயிருக்கா."

மைக்கு நோட்டை எடுத்து, 'எல்லாம் உன்னாலதான்!!!' என்று எழுதி ஸ்டாண்டின் முகத்துக்கு நேராக நீட்டினாள். மறுபடி எடுக்கவும் வழியில்லை. வாயைத் திறக்க முடியாதவளை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டை எடுப்பது?

ஸ்டாண்டு எழுந்தான். ஃபோனை மேஜைமேல் வைத்தான்.

"இனிமே நான் கேமரா பிடிக்கல. வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

லிஸ்ட்டுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் எந்த விதியை மீறினான் என்று கண்டுபிடிக்க, படப்பிடிப்புக்காக எழுதிக் கொடுத்து, திரும்ப வாங்கி வைத்திருந்த லிஸ்ட்டை எடுத்தாள். மொத்தம் பதினாலு விதிகள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், மூன்றாவதில் நின்றாள்.

'கேமரா ஓடும்போது எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது.'

அவளுடைய கையெழுத்துதான். சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது என்றுதான் அவள் நினைத்து எழுதினாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஸ்டாண்டு பாட்டையே நிறுத்திவிட்டான்.

அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு எண்ணம் லிஸ்ட்டுக்கு வராமல் இல்லை. அரை நிமிடம் அதை நன்றாகவே யோசித்தாள். செருப்பை மாட்டும்போது ஸ்டாண்டு நிமிர்ந்தே பார்க்காதது நினைவுக்கு வந்தது.

தாளை மைக்கிடம் நீட்டினாள். "தப்பு அவன்மேல இல்ல. என்மேல."

மைக்கு படித்தாள். நோட்டில் 'அடிப்பாவி' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, முன்பு எழுதியதிலிருந்த மூன்று ஆச்சரியக்குறிகளையும் கோடு போட்டு அடித்தாள்.

ஸ்டாண்டின் மாமா சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்தது. இரண்டு பேரும் போனபோது மாமா ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஸ்டாண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

லிஸ்ட்டு ஃபோனையும் தாளையும் சேர்த்து நீட்டினாள். "மூணாவதைப் படி. நான்தான் தப்பா எழுதியிருக்கேன். நீ அதைத்தான் செஞ்ச. தெரியாம உன்னைத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கோ."

ஸ்டாண்டு தாளைப் பார்த்தான். "அப்ப நான் பாட்டை நிறுத்தினது சரியா?"

"லிஸ்ட்படி சரி. படத்துக்குத் தப்பு."

"இவ்வளவு பெரிய லிஸ்ட்டா!" என்றார் மாமா எட்டிப் பார்த்து. "ஒரு சைக்கிளைக் கழட்டி மாட்டவே எனக்கு இத்தனை விதி கிடையாது."

அதைக் கேட்டு ஸ்டாண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கும் சிரிக்கப் போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். லிஸ்ட்டுக்கு அப்பாடா என்று இருந்தது.

ஆனால் படம் இன்னும் கெட்டபடியேதான் இருந்தது. மூன்று பேரும் பழைய டயர்களின்மேல் உட்கார்ந்தார்கள். ரேடியோவில் ஒரு பாட்டு ஓடியது. மாமா சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். கம்பிகள் மின்ன மின்னச் சக்கரம் சுழன்றது. லிஸ்ட்டு அதையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று ஆட்டுவதை நிறுத்தினாள்.

"நான் இவ்வளவு நேரமா பாட்டுதானே கேட்டேன்? ஆனா பாடுறவங்களைப் பார்க்கலையே! சக்கரத்தைத்தானே பார்த்தேன்!"

"அதுக்கென்ன?" என்றான் ஸ்டாண்டு.

"ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது மைக்கோட வாயைக் காட்டுவோம். அதைத் தனித்தனியா வெட்டிப் பொருத்திடலாம். வாய் பாட்டை முந்துற இடத்துல வேற எதையாவது காட்டுவோம். சக்கரம், கதவு, குழாய், பாட்டுல வர்ற எல்லாத்தையும்!"

மைக்கு நோட்டில் எழுதினாள்: 'நான் மூக்கைச் சொறியறதையும் மறைச்சுடு.'

மணி ஐந்தரை. வெளிச்சம் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. லிஸ்ட்டு பேனாவை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை மூடிப் பையில் போட்டாள்.

"நீயே சொல்லு, முதல்ல எதை எடுக்கலாம்?" என்று ஸ்டாண்டிடம் கேட்டாள்.

அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சக்கரம். ஆனா முதல்ல பாட்டைப் போடுங்க" என்றான்.

மாமாவின் ரேடியோவை நிறுத்திவிட்டு, லிஸ்ட்டு தன் அம்மாவின் ஃபோனை வாங்கிவந்து, அதில் பாட்டைச் சத்தமாக ஓடவிட்டாள். சக்கரம் நன்றாக வந்தது. பிறகு எடுத்த மாமாவின் சுத்தியல்தான் வம்பு செய்தது. பாட்டு ஒரு பக்கம் போக, அது ஒரு பக்கம் போனது.

"பாட்டோட சேர்ந்து தட்டுங்க மாமா."

"இருபது வருஷமா என் தாளத்துலதான் தட்டுறேன்" என்றார் மாமா. "பாட்டை வேணா என்கூட வரச் சொல்லு."

கடைசியில் மைக்கு எதிரில் நின்று கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்ட, மாமா அவளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். ஏழாவது தடவையில் நாலு தட்டு ஒழுங்காக விழுந்தது. மாமாவுக்கு வியர்த்துவிட்டது.

அடுத்து தெருமுனைக் குழாய். எத்தனை தடவை எடுத்தும் தண்ணீர் விழுவதே தெரியவில்லை. பின்னால் வெள்ளைச் சுவர். ஸ்டாண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஓடிப்போய்ப் பட்டறையிலிருந்து ஒரு பெரிய கறுப்பு டயரை உருட்டிக்கொண்டு வந்து குழாய்க்குப் பின்னால் நிறுத்தினான். இப்போது ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இது எப்படித் தோணுச்சு?" என்று லிஸ்ட்டு ஆச்சரியப்பட்டாள்.

"பார்த்தேன். தெரியல. தெரியற மாதிரி வெச்சேன்" என்றான் ஸ்டாண்டு. அவனைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சொற்பொழிவு.

ஒரு கடையின் இரும்புக் கதவு மேலே போனது. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழுந்தது. ஒரு குட்டிப் பையன் ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். வெளிச்சம் போவதற்குள் பதினொரு துண்டுகள் சேர்ந்துவிட்டன.

லிஸ்ட்டு அன்று சாப்பாட்டுக்கு முன்னால் பாதியும், மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் மீதியும் வெட்டி ஒட்டினாள். திரையில் மைக்கு வாயைத் திறப்பாள், பாதி வரி பாடுவாள். பிறகு சக்கரம் வரும். அடுத்த வரியில் மறுபடி மைக்கு. அண்ணன் பின்னால் நின்று, சிரிக்க ஏதாவது கிடைக்குமா என்று கடைசிவரை பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் டீச்சரின் கைக்குப் போனது. 'பி' பிரிவுக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

மாலையில் பள்ளிக்கூட அரங்கம் நிரம்பி வழிந்தது. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். மாமாவின் சுத்தியல் நாலு தட்டு தட்டியதும் கூட்டம் கைதட்டியது. குழாய்ச் சொட்டு வந்தபோது சின்ன வகுப்புப் பிள்ளைகள் சொட்டுகளை எண்ணினார்கள். இரண்டாம் தடவை "சக்கரம் சுத்துது" வந்தபோது பாதி அரங்கம் கூடவே பாடியது. அதில் யாரும் மைக்கின் வாயைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மைக்கு மட்டும் தன் மூக்கு வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டி வந்து காப்பாற்றியது.

விளக்கு எரிந்தது. பாட்டு டீச்சர் மேடையேறினார்.

"அந்தத் தண்ணீர் அவ்வளவு தெளிவா வந்திருக்கே! கேமரா யாருப்பா?"

லிஸ்ட்டு பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஸ்டாண்டை முழங்கையால் இடித்தாள்.

அவன் எழுந்து நின்றான். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் டீச்சர்" என்றான்.

அது அவனுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.