சுண்ணாம்புக்கு அடியில்

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் ரயில் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சபாபதி. அரிசிப் பெட்டியின் மேல் அப்பா தம்புசாமி. அடுப்படி வாசலில் அம்மா சீதாலெட்சுமி, அவள் மடியில் தம்பி கன்னையா. பாயின் மேல் புஷ்பவல்லி. எல்லோரும் நடுவீட்டிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்சுவர்ப் பக்கம் யாரும் போகவில்லை. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கப் பார்க்கப் புஷ்பவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிள்ளான் ஆறு கரைபுரண்ட வருஷம் அது. மழை விட்டும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் தொழிலாளர் குடியிருப்பு காயவில்லை. இவர்கள் வீட்டுக் கூரையில் மழைத்தண்ணீரை வடிக்கும் தகரப் பீலி உடைந்து, தண்ணீரெல்லாம் பின்சுவரில் இறங்கியது. சுவரில் கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. தீபாவளிப் பாவாடையில் பச்சைப் பஞ்சு முளைத்தது. அப்பாவின் தோல் செருப்புக்கு மீசையே வந்துவிட்டது.

அதற்கெல்லாம் சிரிக்கலாம். கன்னையாவின் நெஞ்சு இரவெல்லாம் கீச்கீச்சென்று இழுத்ததற்கு யார் சிரிப்பார்கள்? ஈரம் போகாவிட்டால் இழுப்பும் போகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

கிராணி எழுதிக் கொடுத்தால்தான் பீலி மாற்ற ஆள் வரும். அவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும், பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிறாரே என்று அம்மா காலையிலேயே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். அவரும் சுவரைப் பார்த்தார், காப்பியைக் குடித்தார், குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். நாலு நாளில் பூசணம் எட்டிப் பார்த்தது. இன்றைக்கும் விடியும் முன்பே அம்மா வாளியும் மட்டையுமாக நின்றாள்.

கிராணி காப்பியை ஆற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தார். “பால் மாதிரி இருக்கே, தம்புசாமி. இதுக்கா என்னை இவ்வளவு தூரம் நடக்க வச்சே?”

அப்பா தலையைச் சொறிந்தார்.

புஷ்பவல்லி எழுந்தாள். கரித்துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். நேராகப் பின்சுவருக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். வெள்ளை வழிந்து இறங்கியது. உள்ளே கறுப்பு, அதற்குள் பச்சை. குப்பென்று நாற்றம் கிளம்பியது. கிராணி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“வல்லி, மானத்தை வாங்காதே” என்றாள் அம்மா.

“நீதான் தினமும் வீட்டைத் தேய்ச்சுக் கழுவுறியேம்மா. நாம ஒண்ணும் அழுக்கு இல்ல. பீலி உடைஞ்சதுக்கு நீ ஏன் வெக்கப்படணும்?”

அம்மா மடியில் கன்னையா இருமினான்.

முன்பு குறை இல்லை என்று எழுதியாயிற்று, இப்போது மாற்றி எழுதினால் துரை தன்னையல்லவா கேட்பார் என்று கிராணி இழுத்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

புஷ்பவல்லி தம்பியின் பாயை எடுத்து வந்து சுவரோரம் விரித்தாள். தலையணையையும் தட்டிப் போட்டாள்.

“அடுத்த மாசம் வரைக்கும் நீங்க இங்க படுங்க, கிராணி ஐயா. தம்பி உங்க வீட்டுல படுத்துக்கட்டும்.”

அப்பா சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். கிராணி பாயைப் பார்த்தார். கன்னையாவைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்தார்.

அவர் இங்கிலீஷில் எழுதினார். புஷ்பவல்லி விடவில்லை, தமிழில் சொல்லச் சொன்னாள். பின்சுவரில் சிறிது ஈரம் காணப்படுகிறது என்று எழுதியிருந்தார்.

“சிறிதுங்கிறதை அடிங்க ஐயா.”

அடித்தார்.

“தம்பிக்கு இழுப்புன்னு எழுதுங்க.”

எழுதினார். “கையெழுத்தும் நீயே போடுறியா?”

“பேனாவைக் குடுங்க” என்று கையை நீட்டினாள். கிராணி அவசரமாகத் தானே போட்டார்.

கிராணி தாளை மடித்து உறையில் போட்டார். உறையின் கோந்து ஈரத்தில் ஊறிப்போய் ஒட்டவில்லை. அம்மா எழுந்தாள். மகள் தேய்த்த இடத்தில் இடது கையை வைத்துப் பார்த்தாள். பிறகு நாலு சோற்றுப் பருக்கை எடுத்து வந்து உறையில் தடவி மடித்து, இடது கட்டைவிரலால் அழுத்தினாள். கறுப்பாக ஒரு ரேகை பதிந்துவிட்டது.

புஷ்பவல்லி அதைத் துடைக்கப் போனாள்.

“விடுடி” என்றாள் அம்மா. “துரையும் பார்க்கட்டும்.”

அப்பா உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் துரையின் ஆபீஸ் பக்கம் திருப்பினார்.